கொள்ளைநோயும் பாதிக் கல்வியும்

கலைப்பாடங்கள் நாட்டுக்குச் சுமை என்று சொல்வோர் கூட்டமொன்று நம்மிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. பட்டம் பெற்ற இளைஞர்கள் வேலை கேட்டுக் கச்சேரி வாசலிற் குந்தும்போதெல்லாம் இக்கூட்டத்தின் குரல் ஓங்கும். தமிழும் சரித்திரமும் படித்ததனால் அல்லவா இவர்களுக்கு இந்தக் கதி என்று அது கைகொட்டும். வேலையை உண்டாக்க மாட்டாத பொருளாதாரத்தின் குற்றத்தைப் படித்த பாடத்தின் தலையிற் கட்டிவிட்டால் ஆள்வோருக்கு நிம்மதி. ஆதலால் இக்குரலுக்கு மேடையும் பத்திரிகையும் எப்பொழுதும் கிடைத்துக்கொண்டேயிருக்கின்றன.

இதற்கு எதிர்ப்புறத்தில் வேறொரு கூட்டம் நிற்கிறது. விஞ்ஞானம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு; நம் முன்னோர் அறியாத நோயுமில்லை, மருந்துமில்லை; மஞ்சளும் வேப்பிலையும் இருக்கையில் ஊசி எதற்கு என்பது இக்கூட்டத்தின் வேதம்.

மூன்றாவது சாரார் நமக்கு வேண்டியவர்கள். நம்முடைய முகாமைச் சேர்ந்தவர்கள். மக்களுக்கு வேண்டியது விஞ்ஞானக் கண்ணோட்டம் ஒன்றே. காவியமும் கோயிற் கதையும் நிலப்பிரபுத்துவத்தின் மிச்சசொச்சம். அவற்றைத் தூக்கியெறிந்துவிட்டால் மூடநம்பிக்கை தானே ஒழியும் என்று இந்நண்பர்கள் வாதிக்கிறார்கள். நோக்கம் நல்லது, வாதம் பிழை.

இம்மூன்று சாராரையும் உரைத்துப் பார்ப்பதற்கு ஓர் உரைகல் நமக்குக் கிடைத்தது. 2020ஆம் ஆண்டு தொடங்கி உலகை உலுக்கி, இந்நாட்டில் மட்டும் 16,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன கொரோனாப் பெருந்தொற்றே அது. அந்த நாட்களைப் பாடசாலைகள் இன்று ஒரு கெட்ட கனவாக எண்ணி மறந்துகொண்டிருக்கின்றன. மூடிய பாடசாலைகள் திறந்ததும் விடுபட்ட பாடங்களையெல்லாம் ஓட்டமாக ஓடி நடத்தி முடித்தோம். அந்த நோயே ஒரு பாடம் என்பதை மட்டும் விட்டுவிட்டோம்.

நமது கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒரு கொள்ளைநோயை விஞ்ஞானத்தை மட்டும் கொண்டோ கலையை மட்டும் கொண்டோ விளங்கிக்கொள்ள இயலாது. கிருமி எதுவென்பதை நுணுக்குக்காட்டி சொல்லும். அக்கிருமி யாருடைய குடிசைக்கு முந்திச் செல்கிறது, பழி யார் தலையில் விழுகிறது, யாருடைய பிணத்துக்கு மரியாதை மறுக்கப்படுகிறது என்னும் கேள்விகளுக்குச் சரித்திரத்திடமும் இலக்கியத்திடமும் சமூகவியலிடமுமே விடையுண்டு. இவ்விரு பகுதிகளையும் வெட்டிப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பாதிக் கல்வியைக் கொடுப்பவர்கள் அடுத்த கொள்ளைநோய்க்குப் படலையைத் திறந்து வைக்கிறார்கள்.

* * *

விஞ்ஞானத்துக்குச் செலுத்தவேண்டிய கடனை முதலிற் செலுத்துவோம். வன்னியில் வாழ்ந்துகொண்டு விஞ்ஞானத்தைப் பழிப்பவன் நன்றி கொன்றவனாவான்.

வன்னி என்றாற் காடு, குளம், காய்ச்சல் என்றிருந்த காலமொன்று உண்டு. விட்டு விட்டு வரும் குளிரும் நடுக்கமும். காய்ச்சற்கட்டி விழுந்து வயிறு முன்தள்ளிய பிள்ளைகள். அறுவடைக்கு ஆளில்லாமற் கிடந்த வயல்கள். இவை நம் பாட்டன்மார் காலத்து அன்றாடக் காட்சிகள். 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலமற்றோரை இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேற்ற முயன்றபோது யானைக்கும் கரடிக்கும் அஞ்சியவர்களைவிடக் காய்ச்சலுக்கு அஞ்சியவர்களே மிகுதி. ‘மலேரியா’ என்ற இத்தாலியச் சொல்லுக்கே ‘கெட்ட காற்று’ என்றுதான் பொருள். காற்றின் மேலும் தண்ணீரின் மேலும் தெய்வ கோபத்தின் மேலும் ஏற்றப்பட்டிருந்த அந்தப் பழியை நீக்கியவர் றொனால்ட் றொஸ். 1897 ஓகஸ்ட் 20ஆந் திகதி சிக்கந்தராபாத்தில், அனோபிலிஸ் நுளம்பின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியை அவர் கண்டார். கண்ட மகிழ்ச்சியில் ஒரு கவிதையும் எழுதினார் என்பதை, விஞ்ஞானிக்குக் கவிதை எதற்கு என்று கேட்போருக்காகக் குறித்து வைக்கிறோம்.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து இலங்கையின் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. நாட்டின் மரண வீதம் 1946இல் ஆயிரத்துக்கு 20 என்னும் அளவிலிருந்து 1947இல் 14 என்னும் அளவுக்கு இறங்கியது. வன்னிக் குளங்களின் கீழ் மனிதர் குடியிருந்து பயிரிட வழி பிறந்ததில் அந்த வெண்ணிறத் தூளுக்குப் பெரும் பங்குண்டு. இதனை மறுப்பதற்கில்லை.

எனினும் கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இக்கட்டுரையை எழுத வேண்டியதில்லை. அந்த 1946-47 வீழ்ச்சியில் மருந்துத் தெளிப்பின் பங்கு எவ்வளவு, வைத்தியசாலைகளின் பங்கு எவ்வளவு, யுத்தம் முடிந்து அரிசி வரத்துச் சீர்ப்பட்டதன் பங்கு எவ்வளவு என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். நுளம்பையும் மருந்தையும் எண்ணினால் மட்டும் கணக்கு நேராவதில்லை. சோற்றையும் எண்ண வேண்டும்.

சோற்றின் கணக்கை அறிய 1934-35ஐப் பார்க்கலாம். பருவமழை பொய்த்து ஆறுகள் வற்றின. ஆற்றுப் படுக்கைகளில் தேங்கிய குட்டைகளில் நுளம்பு பெருகியது. கேகாலை, குருநாகல் முதலிய இடங்களில் மலேரியா காட்டுத்தீயெனப் பரவி ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. மழை பொய்த்தது இயற்கை. ஆனால் உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையும் கூலியும் இழந்து, அரைவயிற்றுடன் கிடந்த கிராமத்தவர்களை நுளம்பு கடித்தது இயற்கையா? அந்த வேளையில் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்குட் புகுந்தனர். எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியராக மருந்து கொடுத்தார். பொருளாதாரம் படித்துவிட்டு வந்திருந்த என். எம். பெரேரா மருந்தோடு பருப்பும் கொடுத்தார். ‘பருப்பு மாத்தையா’ என்ற பெயரும் பெற்றார். கொயினா மருந்து காய்ச்சலைத் தணிக்கும், பசியைத் தணிக்காது என்று கண்டவர்கள் அவர்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியதற்கும், 1936இல் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவானதற்கும் அந்தக் காய்ச்சற் கிராமங்களில் அவர்கள் பெற்ற படிப்பும் ஒரு காரணம்.

அடுத்த சான்று 1963. அந்த ஆண்டில் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பை நிறுத்தினர், கண்காணிப்புத் தளர்ந்தது, பணம் வேறு பக்கம் போயிற்று. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பைப் பற்றிய அறிவு 1963இலும் 1969இலும் ஒன்றே. மாறியவை அரசின் அக்கறையும் வரவு செலவுத் திட்டமுமாகும்.

இறுதிச் சான்று நம் மண்ணிலேயே உண்டு. உள்நாட்டு யுத்தத்தின்போது வன்னிக்குள் மருந்து வருவதே அரிதாயிருந்தது. அப்படியிருந்தும் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் போர்முனையின் இருபுறத்தும் வேலை செய்தார்கள். இருபுறத்தாரும் அதற்கு இடங்கொடுத்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் வேரூன்றிய மலேரியா இந்நாட்டில் இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. மற்றெல்லாவற்றிலும் ஒருவரையொருவர் அழித்துக்கொண்டிருந்த இருவர், ஒரு நுளம்பின் விஷயத்தில் மட்டும் எப்படி இணங்கினர்? இந்த அதிசயத்தை எந்த நுணுக்குக்காட்டியாலும் பார்க்க முடியாது. இதனைச் சரித்திரப் பாடத்தில் நம் பிள்ளைகளுக்கு யாரேனும் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

1848இல் மேற்சிலேசியாவில் பரவிய காய்ச்சலை ஆராயும்படி பிரஷ்ய அரசாங்கம் றுடொல்ப் வேர்ஹோ என்னும் இளம் வைத்தியரை அனுப்பியது. மருந்துப் பட்டியலை எதிர்பார்த்தவர்களுக்கு அவர் கொடுத்த அறிக்கை வேறு: அம்மக்களுக்குச் சனநாயகம் வேண்டும், தாய்மொழிக் கல்வி வேண்டும், நியாயமான வரி வேண்டும் என்று எழுதினார். வைத்தியமும் ஒரு சமூக விஞ்ஞானமே என்ற அவருடைய கொள்கையை நம்முடைய சுகாதாரப் பாடப்புத்தகம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

* * *

இனி 2020க்கு வருவோம்.

அந்த ஆண்டு பங்குனியில் வெளிநாட்டிலிருந்து வந்தோரை அடைத்து வைக்கும் தனிமைப்படுத்தல் நிலையங்கள் வன்னியிலும் திறக்கப்பட்டன. வவுனியாப் பம்பைமடுவிலும் முல்லைத்தீவுக் கேப்பாப்புலவிலும் படைமுகாம்களே நிலையங்களாயின. நோய்த்தடுப்புச் செயலணிக்குத் தலைவர் இராணுவத் தளபதி. வன்னி மக்கள் முகஞ்சுளித்தார்கள்; சில இடங்களில் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். உடனே தலைநகரத்துப் படிப்பாளிகள் ‘அறியாமை’ என்று தீர்ப்பெழுதினர்.

அறியாமையா? 2009இல் யுத்தம் முடிந்தபின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்னி மக்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நெருக்கத்தில் செங்கமாரியும் கொப்புளிப்பானும் பரவின. ‘உங்கள் நன்மைக்காகவே’ என்ற வாசகத்தை அவர்கள் அந்தக் கம்பிக்கு உள்ளே நின்று கேட்டவர்கள். கேப்பாப்புலவு மக்களோ தம் காணியைப் படையினரிடமிருந்து மீட்க 2017 மார்ச் முதல் தெருவோரத்திற் குந்தியிருந்தவர்கள். தாம் திரும்ப முடியாத மண்ணில் நோயாளரைக் கொண்டுவந்து இறக்குவதைப் பார்த்து அவர்கள் ஐயுறாமல் வேறென்ன செய்வார்கள்? தனிமைப்படுத்தல் அவசியம் என்பது விஞ்ஞானம். அதனை யார் கையால், எந்த மண்ணில், எந்த நினைவுகளின் மேல் நடத்துகிறோம் என்பதை ஆராய்வது மனிதப்பண்பியல். இரண்டாவதை அறியாத அரசு முதலாவதையும் கெடுத்துக்கொள்கிறது. மக்களின் நினைவும் ஓர் அறிவே.

இதனிலும் கொடியது பிணங்களின் விஷயத்தில் நடந்தது. கொரோனாவில் இறந்தவர் எம்மதத்தினராயினும் எரிக்கப்பட வேண்டுமென்று 2020 ஏப்ரிலில் வர்த்தமானி வெளிவந்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. உலக நாடுகள் புதைத்துக்கொண்டிருந்தன. இங்கு மட்டும், புதைத்தால் நிலத்தடி நீர் நஞ்சாகும் என்று ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. உயிருள்ள கலத்துக்கு வெளியே வைரசு பெருகாது என்பது உயர்தர உயிரியல் மாணவன் அறிந்த செய்தி. 2020 டிசம்பரில் இருபது நாட் குழந்தையொன்றின் உடலும் பெற்றோரின் கண்ணீரை மீறி எரிக்கப்பட்டது. கொழும்பு பொறளை மயானத்து வேலியில் மக்கள் வெண்துணி கட்டித் தம் வேதனையைக் காட்டினர். அந்த ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் சமுதாய வைத்தியர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் புதைப்பதால் ஆபத்தில்லையென்று வெளிப்படையாகக் கூறின. அப்போதும் ஆணை அசையவில்லை.

இந்த இடத்தில்தான் சரித்திரம் படித்தவனின் காது கூர்மையடைகிறது. 1349 பெப்ரவரி 14ஆந் திகதி ஸ்திராஸ்பூர்க் நகரத்து யூதர்கள் நூற்றுக்கணக்கில் எரிக்கப்பட்டார்கள். அவர்கள் மேற் சாட்டப்பட்ட குற்றம், கிணறுகளில் நஞ்சிட்டுக் கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்பது. 1349இல் உயிருள்ளோர் எரிக்கப்பட்டனர், 2020இல் இறந்தோர். இரண்டையும் ஒன்றெனச் சொல்ல மாட்டோம். ஆனால் ‘அவர்களால் நம் தண்ணீர் கெடுகிறது’ என்ற அந்தப் பழைய பொய் ஆய்வுகூடத்து வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு வந்து நின்றபோது, அதன் முகத்தை அடையாளங்காணச் சரித்திர அறிவு வேண்டியிருந்தது. ‘விஞ்ஞானம் சொல்கிறது’ என்ற சொல்லுக்குப் பயந்து நம்மிற் படித்தவர்களே வாயடைத்து நின்றோம். விஞ்ஞானம் போதும் என்று வாதிக்கும் நண்பர்கள் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளார்கள்: விஞ்ஞானத்தின் பெயரால் இனவாதம் பேசப்படும்போது அதனை எந்தக் கருவியால் அளப்பது?

ஈற்றில் 2021 பெப்ரவரி இறுதியில் ஆணை மாறியது. ஆனால் எங்கே புதைப்பது? மார்ச் தொடக்கத்தில் அரசாங்கம் சுட்டிய இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. 1992இல் அத்தீவிலிருந்து இடம்பெயர்க்கப்பட்டு, கால் நூற்றாண்டு காத்திருந்து, 2018 ஏப்ரிலில் தம் வள்ளங்களிலேயே சென்று கரையேறித் தம் மண்ணை மீட்ட ஏழைக் கடற்றொழிலாளரின் தீவு அது. நாடெங்கும் நிலமிருக்க, இவர்களிடம் கேளாமலே இவர்களின் முற்றம் தெரிவு செய்யப்பட்டது. அவர்கள் எதிர்த்தார்கள். பின்னர் மட்டக்களப்பு ஓட்டமாவடியில் அடக்கங்கள் நடைபெற்றன. நொந்த முஸ்லிமையும் நொந்த தமிழனையும் ஒரு புதைகுழியின் இரு கரைகளில் எதிரெதிரே நிறுத்தும் உபாயம் இது என்பதை உணர அரசியற் சரித்திரம் சிறிதாவது தெரிந்திருக்க வேண்டும்.

உணர்ந்தவர்களும் இருந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன், 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை, பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து பேரணி சென்றபோது, முஸ்லிம்களின் அடக்க உரிமையும் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. அந்தப் பேரணி வன்னி வழியாகவே சென்றது. 1990 ஒக்டோபரில் இதே வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது நம்மவரிற் பெரும்பாலோர் மௌனமாயிருந்தனர் என்பதை மறவாதவர்களுக்கு அந்தக் காட்சியின் பெறுமதி விளங்கும். 2024 ஜூலையில் அமைச்சரவை இக்கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரியது. எரிந்தவற்றை மன்னிப்பு மீட்பதில்லை. பாடமாகவாவது அது பாடசாலைக்குள் வந்திருக்கிறதா?

மஞ்சளும் வேப்பிலையும் போதும் என்ற கூட்டத்தையும் மறந்துவிட வேண்டாம். 2020 டிசம்பரிற் கேகாலை மாவட்டத்தில் ஒருவர், தெய்வம் அருளியதென்று தேனும் சாதிக்காயும் கலந்த பாணியொன்றைக் கொடுத்தார். கூடக்கூடாத காலத்திற் பல்லாயிரவர் கூடினர். ஆற்றில் மந்திரித்த குடமிட்ட சுகாதார அமைச்சர் அந்தப் பாணியையும் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த மாதமே அவருக்கும் தொற்றுக் கண்டது. 1935இல் இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து சென்ற அதே கேகாலை! 85 ஆண்டுகளில் நம் ஆட்சியாளர் முன்னேறிய தூரம் இவ்வளவுதான்.

* * *

இனி நாம் கற்பிக்கும் இலக்கியத்தை எடுப்போம். நம் முன்னோரின் நூல்களிற் கொள்ளைநோய் இல்லையென்று எண்ணுவோர் சிலப்பதிகாரத்தின் முகப்பில் உள்ள உரைபெறு கட்டுரையைப் பார்க்க வேண்டும். கோவலன் கொலையுண்டபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்து வறுமை வந்தது. காய்ச்சலும் அம்மையும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுக் கண்ணகிக்கு விழா எடுத்தான். மழை பெய்தது, நோய் நீங்கியது என்று அக்கட்டுரை சொல்கிறது. இலங்கையின் கயவாகுவும் கண்ணகிக்குக் கோட்டம் எடுத்ததாக அது கூறுகிறது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசி விசாகத்திற் பொங்கும் மண்ணில் வாழும் நாம், இப்பகுதியை எவ்வாறு கற்பிக்கிறோம்? ‘கண்ணகி வழிபாடு பரவியவாற்றை விளக்குக’ என்ற பரீட்சை வினாவுக்கு ஐந்து குறிப்புகள் கொடுத்துவிட்டு அப்பாற் செல்கிறோம். பொய்யுரைத்தவன் ஒரு பொற்கொல்லன். கொல்லப்பட்டவர் ஆயிரவர். மிகுதித் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் செய்த குற்றம் யாது? மன்னனின் நீதி பிழைத்தது. நாட்டிற் பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னே நோய் வந்தது. தீர்வு ஒரு தொழிற் சாதியின் தலையில் இறங்கியது. வறட்சி, வறுமை, நோய், பழி என்ற இந்த வரிசையை அக்கட்டுரை பிசகாமற் பதிந்து வைத்திருக்கிறது. இதனை ஒரு மாணவனின் நெஞ்சிற் பதிய வைத்திருந்தால், 2020இல் ஒரு சமூகத்தின் மேற் பழி திரண்டபோது அவன் விழித்திருப்பான். நூலைத் தூக்கியெறியச் சொல்லும் நண்பர்களுக்கும், நூலைப் பூசையறையில் வைத்துத் தொழச் சொல்லும் பண்டிதர்களுக்கும் நாம் சொல்வது ஒன்றே: படியுங்கள்; கேள்வி கேட்டுப் படியுங்கள்.

நூல் ஏறாத இலக்கியமும் உண்டு. வன்னியின் எந்தக் கிராமத்திலும் ‘கோதாரி’ என்ற சொல்லைக் கேளாமல் ஒரு நாள் கழியாது. வேலி பாய்ந்து வயலில் இறங்கிய மாட்டையும், சொற்கேளாத பேரனையும், பழுதான தண்ணீர்ப் பம்பியையும் கிழவி ‘கோதாரி விழ’ என்று ஒரே மூச்சில் வைகிறாள். அதன் பொருள் என்னவென்று வகுப்பிற் கேட்டோம். ஒருவருக்கும் தெரியவில்லை. கோதாரி என்பது வாந்திபேதி. ஒரு காலத்தில் ஊர் ஊராக வழித்துக்கொண்டு போன அந்த நோயிற் செத்தவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை, கல்லறைகளும் இல்லை. அவர்களுக்கு எஞ்சியுள்ள நினைவுச்சின்னம் இந்த வசைச்சொல் ஒன்றுதான். இதைத் தோண்டியெடுப்பது மொழியாராய்ச்சி. அந்தக் கோதாரி அழுக்குத் தண்ணீரால் வந்ததென்று விளக்குவது விஞ்ஞானம். நல்ல தண்ணீர் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்பது அரசியல். ஒரு சொல்லின் மேல் மூன்று பாடங்களும் கைகோத்து நிற்பதை அன்று மாணவர்கள் கண்டார்கள்.

அம்மன் வருத்தம் வந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, அயலாரை உள்ளே விடாது, நோயாளியைத் தனியே கிடத்தும் வழக்கத்தையும் அவ்வாறே பார்க்க வேண்டும். தெய்வத்தின் பெயரால் நடந்த தனிமைப்படுத்தல் அது. தொற்றைக் குறைக்கும் அறிவு அவ்வழக்கத்துள் இருந்தது. ஆயினும் பெரியம்மையை உலகிலிருந்து ஒழித்தது வேப்பிலையன்று, தடுப்பூசியே. 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அந்நோயின் ஒழிவை அறிவித்தது. வழக்கத்தின் உள்ளிருந்த அறிவை மதிப்போம். அதன் எல்லையையும் மறைக்காது சொல்வோம்.

நம் சமகாலக் கவிஞர்கள் சிலர்க்கும் ஒரு சொல். 2020இல் எழுதப்பட்ட தமிழ்க் கவிதைகளிற் பலவற்றின் பல்லவி ‘கிருமிமுன் எல்லோரும் சமம்’ என்பது. இயற்கை மனிதனைத் தண்டித்தது என்று வேறு சிலர் பாடினர். எந்த மனிதனை? ஊரடங்கில் மாடியில் இருந்து மாதச் சம்பளம் பெற்றவனையா, அன்றாடக் கூலி நின்று அடுப்பெரியாத வீட்டுக்காரனையா? 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை எழுந்த இடங்கள் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையும் பேலியகொடை மீன்சந்தையும். தோளோடு தோள் உரச நின்று வேலை செய்தாலன்றிச் சோறில்லாதவர்கள் கூடும் இடங்கள் அவை. இணையவழிக் கல்வி என்ற பெயரில் நடந்தது என்ன? வீட்டுக்கு ஒரு கைபேசி. அதையும் தகப்பன் கூலிவேலைக்குக் கொண்டுபோய்விடுவான். மூன்று பிள்ளைகள் இரவில் அவனுக்காகக் காத்திருக்கும். எல்லோரும் சமம் என்று பாடிய கவிஞனின் கண்ணில் இந்த வீடு படவேயில்லை. கலை என்றாலே போதும், அது உண்மையைக் காட்டிவிடும் என்று நாம் வாதிக்கவில்லை. பொய் சொல்லும் கலையும் உண்டு.

* * *

இத்தனையும் சொல்லி வருவது எங்கே? நம் வகுப்பறைக்கு.

உயர்தர விஞ்ஞானப் பிரிவில் உள்ள கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி வைரசின் அமைப்பைப் படமாக வரைந்து பகுதிகளைப் பிழையின்றிக் குறிப்பாள். எரித்தது சரியா என்று கேட்டால், ‘அது எங்கட பாடத்தில இல்லை, சேர்’ என்பாள். கலைப்பிரிவு மாணவன் ஒருவன் உரைபெறு கட்டுரையை ஒப்புவிப்பான். தடுப்பூசி உடலில் என்ன செய்கிறது என்று கேட்டால் விழிப்பான். ஊசி போட்டால் பிள்ளைப்பேறு அற்றுப்போகும் என்று வந்த வதந்தியை வீடு வீடாகக் கொண்டு சென்றவனும் அவனே. இருவரும் நம் பிள்ளைகள். இருவரிடமும் குற்றமில்லை. சாதாரண தரம் முடிந்த அன்றே ஒருத்தியின் இடக்கண்ணையும் மற்றவனின் வலக்கண்ணையும் கட்டி அனுப்பியது இந்தக் கல்விமுறை.

அந்தக் கட்டும் நியாயமாகக் கட்டப்படுவதில்லை. வன்னியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் நகரங்களையும் பெருந்தெருக்களையும் அண்டியே நிற்கின்றன. உட்கிராமத்துப் பிள்ளை கலைப்பிரிவுக்குப் போவது கலையின் மேற் கொண்ட காதலால் அன்று. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் பேருந்தும் இல்லாமையால். வேறு கதவே இல்லாத பிள்ளையைக் கலைக்குள் தள்ளிவிட்டு, பிறகு கலை படித்தவன் உதவாக்கரை என்று ஏசுவது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம்! வயற்காரனின் மகனுக்கு விஞ்ஞானத்தையும், வைத்தியராகப் போகிறவளுக்குச் சரித்திரத்தையும் மறுக்கிறது இந்த அமைப்பு. முன்னவன் வதந்திக்கு இரையாகிறான். பின்னவள் நாளை ஒரு குழுவில் அமர்ந்து, மனச்சாட்சி உறுத்தாமலே ஒரு குழந்தையை எரிக்கும் ஆணைக்கு ஒப்பமிடக்கூடும்.

ஆதலால் நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம். இடைநிலைப் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டும். உட்கிராமங்களிலிருந்தே அது தொடங்க வேண்டும். உயர்தரத்தில் எப்பிரிவில் இருப்பினும் எல்லா மாணவர்க்கும் மற்றப் பிரிவின் அடிப்படை ஒன்று கட்டாயமாக வேண்டும். மலேரியாவின் சரித்திரமும் 2020-21இன் சரித்திரமும், கட்டாயத் தகனமும் இரணைதீவும் உட்பட, பாடப்புத்தகத்தில் ஏற வேண்டும். இவற்றுக்காக ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கைக்கு எழுப்பும் அதே குரலை எழுப்ப வேண்டும்.

மேலிடம் அசையும்வரை கைகட்டி இருக்க வேண்டியதுமில்லை. ஒரு சனிக்கிழமை போதும். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வகுப்பறையில் நின்று, ஒரு நோயை நடுவில் வைத்து, இரு பிரிவு மாணவரையும் அழைத்துப் பேசலாம். ஊர்க் கிழவிகளிடம் காய்ச்சற் காலத்துக் கதைகளையும், முகாம் பட்ட தாய்மாரிடம் 2009இன் கதைகளையும் மாணவர்கள் எழுதி வரலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் கேள்வி கேட்கலாம். இதற்குச் சுற்றுநிருபம் தேவையில்லை, மனம் தேவை.

அடுத்த கொள்ளைநோய் வரும். எந்தக் கிருமியாக, எந்தத் திசையிலிருந்து வருமென்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அது வரும்போது யாருடைய வாசலில் முதலில் நிற்கும், பழி எந்தத் தலையைத் தேடும் என்பதை இப்பொழுதே சொல்லலாம். சரித்திரம் அதைப் பலமுறை சொல்லிவிட்டது. அன்று நுணுக்குக்காட்டியைப் பிடித்த கை நடுங்காதிருக்கவும், பழி சுமத்தும் கூட்டத்தின் நடுவே ஒருவன் எழுந்து ‘இது பொய்’ என்று சொல்லவும் வேண்டுமானால், அந்தக் கையும் அந்தக் குரலும் இன்று நம் வகுப்பறைகளில் உருவாக வேண்டும். பிள்ளைகளின் இரு கண்களையும் திறந்து வைப்பது ஆசிரியர்களாகிய நம் கடன். அதனை அடுத்த நோய் வருமுன் செய்து முடிப்போம்.